இருபது போல்ட்டு, இருபது கோடு

நாமக்கல்லில் பரமத்தி சாலையில் ஒரு தகரக் கொட்டகை. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே வந்து, தங்கள் வண்டியைத் தாங்களே பழுது பார்த்துக்கொள்வார்கள். நாலு பேர் வருவதுண்டு. மழை பெய்தால் மூன்று பேர்.

கொட்டகை சொர்ணத்துடையது. லாரி பாடி கட்டும் பட்டறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். வயது முப்பத்தெட்டுதான். ஆனாலும் அங்கே வருகிற எல்லோருக்கும் அவர் மேஸ்திரியம்மா.

கொட்டகைக்கு ஒரே ஒரு சட்டம். யாருடைய வண்டியோ அவர்தான் அதைத் தொட வேண்டும். மேஸ்திரியம்மா கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் சொல்வார். கை வைக்கமாட்டார்.

காளியண்ணன் மூன்று வருடமாக அங்கே போகிறார். வயது அறுபத்தொன்று. முட்டைக் கிடங்கில் முப்பது வருடம் தட்டு எண்ணியவர். தட்டுக்கு முப்பது முட்டை. ஒன்று குறைந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றதும் ஒரு பச்சைக் கார் வாங்கினார். அதற்கு இப்போது முப்பத்தேழு வயது. வந்தபோது அது ஓடவில்லை. ஓட வைத்தார். இருக்கை மாற்றினார், விளக்கு மாற்றினார். கடைசியாக முன் சக்கரம் இரண்டுக்கும் பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டினார். மாட்டி நாற்பத்தோரு நாளாகிறது.

அந்த நாற்பத்தோரு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் உண்டு. போன வருடம் ஒருநாள் சக்கரத்தைக் கழற்றி மாட்டினார். வண்டி ஜாக்கியில் நின்றபோது போல்ட்டுகளைக் கையால் திருகினார். தரையில் இறக்கியதும் ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். மறந்துவிட்டார். சேந்தமங்கலம் சாலையில் சக்கரம் ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் மனைவி பாவாயி. எப்படியோ ஓரம் கட்டிவிட்டார். இறங்கிப் பார்த்தபோது நாலு போல்ட்டில் இரண்டுதான் மிச்சம் இருந்தன.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் தன் கையை நம்பவில்லை.

டிஸ்க் மாட்டிய பிறகு அது முற்றிவிட்டது. சக்கரத்துக்கு நாலு வீதம் பதினாறு, பிரேக்கைத் தாங்குகிற போல்ட்டு நாலு, ஆக இருபது. காலையில் எழுந்ததும் சாக்கை விரித்துப் படுத்து, இருபதையும் ஒரு சுற்று இறுக்குவார். கை வலு பற்றவில்லை என்று பத்தாம் நாளிலிருந்து ஸ்பேனர் பிடிக்கு ஒரு இரும்புப் பைப்பை மாட்டிக்கொண்டார். வழியிலும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்.

புதன்கிழமை நல்ல நாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகளையும் ஐந்து மாதக் குழந்தையையும் கொல்லிமலை மேலே செம்மேட்டில், அவள் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். ஏற எழுபது வளைவு. இறங்க எழுபது வளைவு.

"வாடகைக் கார் சொல்லட்டுமா?" என்று பாவாயியிடம் கேட்டுப் பார்த்தார்.

"நம்ம காரு இருக்கறப்ப எதுக்குங்க வாடகைக் காரு? நான் நம்ம கார்லதான் வருவேன். ஆனா வளைவுக்கு வளைவு நிறுத்தி நீங்க அடியில படுத்தீங்கன்னா, புள்ளையையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டுப் பஸ் ஏறிருவேன்."

மேஸ்திரியம்மா தன் கையால் ஒரு சுற்று இறுக்கிக் கொடுத்தால் புதன்கிழமை மலை ஏறுவது, இல்லையென்றால் வண்டியை விற்றுவிடுவது என்று காளியண்ணன் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நேரமாகிவிட்டது. அதனால் கொட்டகையில்தான் சாக்கை விரித்தார்.

பக்கத்தில் தன் ஜீப்புக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார் தையல்காரர் ஜபருல்லா. "காளியண்ணே, போன வாரம் உழவர் சந்தை முன்னாடி நடு ரோட்டுல மண்டி போட்டிருந்தீங்களே. காரைக் கும்பிடுறீங்கன்னு நெனச்சு நானும் செருப்பைக் கழட்டிட்டேன்."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்குது பாய். மாட்டினவனுக்குத்தான் தெரியும்."

பதினாறு முடிந்தது. பதினேழாவது, இடப்பக்க பிரேக் போல்ட்டு. பைப்பைப் பிடித்து இழுத்தார். கையில் பாரம் சட்டென்று விட்டுப்போனது. போல்ட்டின் தலை உருண்டு வந்து அவர் தோளருகே நின்றது.

காளியண்ணன் வெளியே வந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா மேஸ்திரியம்மா? இன்னைக்கு நான் பார்க்காம விட்டிருந்தா, புதன்கிழமை மலையில அறுந்திருக்கும்."

மேஸ்திரியம்மா குனிந்து அந்தப் போல்ட்டுத் தலையைப் பார்த்தார்.

"எத்தனை தடவை இறுக்கினா நம்பலாமுங்க? அதை மட்டும் சொல்லுங்க. இல்லாட்டி நீங்களே ஒரு தடவை இறுக்கிக் குடுங்க. மூணு வருசத்துல உங்களை இப்படிக் கேட்டதில்லை."

"இதுவரைக்கும் எத்தனை தடவைங்க ஐயா?"

"நாப்பத்தொண்ணு."

"ஒவ்வொரு தடவையும் போல்ட்டு திரும்புச்சுங்களா?"

"திரும்புச்சுங்க. தினமும் ஒரு நூல் அளவு திரும்பும். ராத்திரில தளர்ந்துக்குது. அதனாலதான் தினமும் இறுக்கறேன்."

மேஸ்திரியம்மா அலமாரியிலிருந்து அதே அளவில் ஒரு புது போல்ட்டை எடுத்துக் கொடுத்தார். "அறுந்ததுக்குப் பக்கத்துல இருக்கிறதைக் கழட்டுங்க. ரெண்டையும் மரையோடு மரை சேர்த்து, வெளிச்சத்துல புடிங்க."

காளியண்ணன் கழற்றினார். துடைத்தார். இரண்டு போல்ட்டையும் பக்கவாட்டில் சேர்த்து, பல்லுக்குள் பல் உட்காரும்படி வைத்து, வாசல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

எண்ணத் தெரிந்த கண். முதல் ஐந்து மரை பொருந்தி உட்கார்ந்தது. ஆறாவதில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. எட்டாவதில் அது இரண்டு மயிரிழை. பத்தாவது மரை பொருந்தவே இல்லை, பல்லின் மேல் பல் ஏறி நின்றது.

"மேஸ்திரியம்மா, இது நீண்டிருக்குதுங்க."

"ஆமாங்க."

"அப்ப தினமும் திரும்பினது..."

அவர் கண் இரும்புப் பைப்பின் மேல் போனது. ராத்திரி எதுவும் தளரவில்லை. காலையில் அவர்தான் அதை ஒரு நூல் இழுத்தார். மறுநாள் இன்னொரு நூல். இரும்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கியிருக்கிறது.

ஜபருல்லா எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, காளியண்ணன் முகத்தைப் பார்த்ததும் எண்ணெய் டப்பாவை மூடப் போய்விட்டார்.

மேஸ்திரியம்மா சொன்னார்: "ஸ்பேர் பார்ட்ஸ் கடை பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கும். இருபதும் புதுசு வாங்கிட்டு வாங்க."

காளியண்ணன் ஜபருல்லாவின் ஜீப்பில் போய் வாங்கி வந்தார். எண்ணி வைத்தார். இருபத்தொன்று இருந்தது.

"ஒண்ணு எதுக்குங்க?" என்றார் மேஸ்திரியம்மா.

"இருக்கட்டுமேன்னு."

மேஸ்திரியம்மா அந்த ஒன்றைத் தனியே எடுத்து அலமாரியில் வைத்தார். பிறகு டார்க் ரெஞ்சைக் கொண்டுவந்து அளவைத் திருகி வைத்தார். அது ஒரு நீளமான ஸ்பேனர். வைத்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும். சொன்னதும் கையை எடுத்துவிட வேண்டும்.

"ஒரு டக். அவ்வளவுதானுங்க."

காளியண்ணன் ஒவ்வொன்றாக மாட்டினார். வண்டியை இறக்கிய பிறகு சக்கர போல்ட்டுகளை மறுபடி இறுக்கினார். ஐந்தாவதில் டக் கேட்ட பிறகும் அவர் கை இழுக்கப் பார்த்தது. மேஸ்திரியம்மா தொண்டையைச் செருமினார். கை நின்றது. பதினொன்றாவதில் மறுபடியும். மறுபடியும் செருமல். பதினான்குக்குப் பிறகு செருமவில்லை.

"நீங்க ஒரு தடவை..." என்று இழுத்தார் காளியண்ணன்.

"இது உங்க வண்டிங்க ஐயா. மோகனூர் வரைக்கும் போயிட்டு வாங்க."

"நடுவுல நிறுத்தலாமுங்களா?"

"காபி குடிக்க நிறுத்துங்க."

போனார். நிறுத்தவில்லை, காபிக்கும் நிறுத்தவில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. சக்கரம் ஆறும்வரை மேஸ்திரியம்மா காக்க வைத்தார்.

"இப்ப ஒரு தடவை வெச்சுப் பாருங்க."

காளியண்ணன் ரெஞ்சை வைத்தார். டக். போல்ட்டு அசையவில்லை. அடுத்தது. டக். அசையவில்லை. இருபதும் அப்படியே. இருபதாவதில் அவர் ரெஞ்சைத் தரையில் வைத்துவிட்டு, சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். நாற்பத்தோரு நாளாக விடாமல் பிடித்து வைத்திருந்த மூச்சு மெதுவாக வெளியே வந்தது.

மேஸ்திரியம்மா லாரிக்கு எண் எழுதுகிற மஞ்சள் பெயிண்டையும் மெல்லிய தூரிகையையும் அவர் முன்னால் வைத்தார்.

"ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு கோடு போடுங்க. பாதி போல்ட்டு மேல, பாதி சக்கரத்து மேல. பிரேக் போல்ட்டுக்கும் அதே மாதிரி. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சீங்கன்னா அதுவும் கண்ணுக்குத் தெரியும். போல்ட்டு அசைஞ்சா கோடு ஒடைஞ்சு நிக்கும்."

காளியண்ணன் இருபது கோடு போட்டார். முட்டைத் தட்டை அடுக்குகிற மாதிரி, ஒன்றுகூடச் சாயாமல்.

"கோடு நேரா இருந்தும், உள்ள தளர்ந்திருந்தா?"

"தளர்ந்தா நேரா இருக்காதுங்க."

"காலையில என்ன பண்ணட்டுமுங்க?"

"பாருங்க."

"பார்த்துட்டு?"

"காபி குடிங்க. ஸ்பேனரும் பைப்பும் இங்கேயே இருக்கட்டும்."

திங்கட்கிழமை காலையில் அவர் சாக்கை விரித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். இருபது கோடும் நேராக இருந்தன. இறுக்காமல் எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பாவாயி நின்றாள். "ஏனுங்க, கையில ஒண்ணையும் காணோம். காத்துல என்னத்தைத் திருகறீங்க?"

கையைப் பார்த்தார். உண்மையாகவே அது திருகிக்கொண்டிருந்தது. மடியில் வைத்து அடக்கினார். செவ்வாய்க்கிழமை சாக்கு விரிக்கவில்லை, குனிந்து பார்த்ததோடு சரி. புதன்கிழமை விடிந்ததும் ஒருமுறை சுற்றி வந்தார். மகளும் குழந்தையும் பின்னால் ஏறினார்கள். பாவாயி முன்னால் ஏறி, பஸ் நேரம் கேட்டு எழுதி வைத்திருந்த சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காளியண்ணன் கொட்டகைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். ஆனால் வண்டியில் எதையும் கழற்றவில்லை. மேஸ்திரியம்மாவுக்கு எதிரே ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார்.

"போயிட்டு வந்தாச்சுங்க."

"நல்லதுங்க."

"போறப்ப எழுபது வளைவையும் எண்ணினேன். ஒவ்வொரு வளைவுலயும் பிரேக்கை லேசாத் தொட்டுப் பார்த்தேன். குழந்தை தூங்கிருச்சு. இறங்கறப்பவும் எண்ண ஆரம்பிச்சேனுங்க. எழுபது, அறுபத்தொம்பது, அறுபத்தெட்டுன்னு. முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினது ஞாபகம் இருக்குது."

அவர் நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுக்கப்புறம் எண்ணலைங்க. பாவாயி சம்பந்தியம்மா வெச்ச குழம்பைப் பத்திப் பேசிட்டு வந்தா. உப்பே இல்லையாமா. அந்தம்மா நடக்கற மாதிரியே நடந்து காட்டணும்னு, உக்காந்த இடத்துலேயே தோளை ஆட்டிக் காட்டினா. நானும் சிரிச்சுட்டே வந்துட்டேன். பார்த்தா கீழே அடிவாரத்துல காரவள்ளி வந்துருச்சு. முப்பது வளைவு. எண்ணவும் இல்லை, பிரேக்கை ஒரு தடவைகூட நெனைக்கவும் இல்லை. என் ஆயுசுல எண்ணிக்கையை விட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான் மனசுக்குத் திக்குன்னு ஆச்சு. அஜாக்கிரதையா இருந்துட்டனோன்னு."

"கோடு?"

"இருபதும் நேராத்தான் இருக்குதுங்க."

மேஸ்திரியம்மா தலையை ஆட்டினார்.

"அப்ப, அந்த முப்பது வளைவும் நான் பண்ணினது தப்புங்களா?"

"பிரேக்கு நல்லா இருந்தா ஞாபகத்துக்கு வராதுங்க ஐயா."