எலிகெமின் முரசு

“அண்ணனுடைய முரசு என் கைக்கு மசியமாட்டேன் என்கிறது, ஐயா.”

கானா நாட்டுக் கடலோர ஊர் அது. வாத்தியக் குழுவின் குரு டோக்பேயிடம் சென்யோ இப்படிச் சொன்னபோது வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. இறந்துபோன அவன் அண்ணன் எலிகெமுக்கு அன்றைக்கு நினைவு ஆட்டம். அண்ணன் வாசித்த நடுமுரசை இனி சென்யோதான் வாசிக்க வேண்டும்.

குரு அவனைவிட வயதில் இளையவர்.

“என்ன செய்து பார்த்தீர்கள்?”

“தோலை நனைத்தேன். குச்சியை மாற்றினேன். அண்ணன் அடித்தால் ஈர மணலில் கால் புதைகிற மாதிரி கேட்கும். எனக்கு வறட்டுச் சத்தம்தான் வருகிறது.”

“யாருக்குத் தெரியப்போகிறது?”

“அண்ணிக்குத் தெரியும். அண்ணன் போனதிலிருந்து அவர் பேசவும் இல்லை, அழவும் இல்லை. இன்றைக்காவது அந்தச் சத்தத்தை அவருக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.”

குரு மற்ற வாத்தியங்களைக் கைகாட்டினார்.

“மணி, கிலுகிலுப்பை, முரசு எல்லாம் ஒரே குரலில் பேசியிருந்தால், இத்தனை காலம் அண்ணி உங்கள் அண்ணனின் அடியை எப்படிக் கண்டுபிடித்திருப்பார்?”

“முடிந்திருக்காது.”

“முதல் ஆட்டத்துக்கு முரசைத் தொடாதீர்கள்.”

ஆட்டம் தொடங்கியது. இரும்பு மணி முன்னே போனது. கிலுகிலுப்பை அதோடு சேர்ந்துகொண்டது. சின்ன முரசு மேலே படபடத்தது. குருவின் பெரிய முரசு வழக்கம்போல் ஒரு கேள்வி கேட்டது.

நடுமுரசு பதில் சொல்ல வேண்டிய இடம் வந்தது. சென்யோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. குரு மறுபடி கேட்டார். மறுபடியும் அங்கே ஒன்றுமில்லை.

அண்ணி கஃபுயி கண்களை மூடினாள். கேள்வி மீண்டும் வந்தபோது அவள் உதடுகள் அசைந்தன. பிறகு எழுந்தாள். பதில் வரவேண்டிய இடத்தில் அவள் பாதம் மணலை மிதித்தது. அழுதுகொண்டே மிதித்தாள். பெண்கள் இருபுறமும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே ஆடினார்கள்.

ஆட்டம் முடியும்வரை அந்த இடத்தில் வேறு எந்த வாத்தியமும் நுழையவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு மணி ஒலித்தது. குரு நடுமுரசைச் சென்யோவின் பக்கம் நகர்த்தினார்.

“அண்ணன் மாதிரி எனக்கு வராது, ஐயா.”

குரு அதற்குள் பெரிய முரசில் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

யோசிக்க நேரமில்லை. சென்யோ அடித்தான்.

கஃபுயி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மெல்லச் சொன்னாள்:

“இது சென்யோ.”