விலக்குப் பட்டியலில் முதல் பேர்

கோலப்பன் அன்று ஆசானைப் பார்க்க வந்தது கேள்வி கேட்க அல்ல. பதிலைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் வந்தார். ஆசான் தலையை ஆட்டினால் போதும்.

அவருக்கு அறுபத்தொரு வயது. ஆசானைவிட ஏழு வயது மூத்தவர். மூன்றாம் முறையாகச் சட்டமன்ற உறுப்பினர். இருந்தும், பழைய கல்குவாரிப் பக்கம் ஜீப் திரும்பியதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இருபத்தாறு வருஷமாக அந்தத் திருப்பத்தில் அப்படித்தான்.

குவாரிக்குள் துப்பாக்கி சுடக் கற்றுக் கொடுப்பவர் தங்கையன். அவருடைய அப்பாவும் தாத்தாவும் சிலம்பம் சொல்லிக் கொடுத்தவர்கள். தங்கையன் கம்பை விட்டுத் துப்பாக்கியை எடுத்தார். ஆசான் என்ற பேர் மட்டும் கூடவே வந்துவிட்டது. மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன மாநிலத்தில் அவரிடம் படித்தவர்கள் வாங்கிய அளவுக்கு வேறு யாரும் பதக்கம் வாங்கவில்லை. அவற்றில் இரண்டு வெள்ளி கோலப்பனுடையவை.

வாசலில் பதக்கம் எதுவும் தொங்கவில்லை. ஒரு பலகை தொங்கியது.

‘துப்பாக்கி கொண்டு வருகிறவர் அதைத் திறந்து, தனக்கு முன்னால் உள்ளே போனவரிடம் காட்ட வேண்டும். அவர் பார்த்துக் காலி என்று சொன்ன பிறகு உள்ளே வரலாம்.’

முன்னால் போனவர் யாராக இருந்தாலும் அதுதான் விதி. ஒரு முறை போலீஸ் ஐ.ஜி. தன் துப்பாக்கியைத் தென்னை மரம் ஏற வந்தவரிடம் காட்டிவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு வந்த ஜீப் துப்பாக்கி உரிமையாளர் சங்கத்துடையது. சட்டமன்றத்தின் அறுபது பேரில் முப்பத்தெட்டுப் பேருக்குத் தேர்தல் நேரத்தில் ஜீப்பும் பெட்ரோலும் கொடுத்தது அந்தச் சங்கம். கோலப்பனும் அந்த முப்பத்தெட்டில் ஒருவர். பக்கத்தில் சங்கச் செயலாளர் பத்மதாஸ் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு நீளமான பெட்டி.

ஆனி மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் சாவு விழுந்திருந்தது. ரப்பர் தோட்டத்துக் கனகராயன் பெரிய மனிதர். பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர். தம்பி மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு படம் எடுக்கத் தன் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துப் பிடித்தார். காலி என்றார். அது காலி இல்லை. மாப்பிள்ளையின் தங்கை பந்தலிலேயே போய்விட்டாள். பத்தொன்பது வயது.

அதற்குப் பிறகு வந்தது மசோதா. பொது இடத்தில் துப்பாக்கியைத் திறந்தபடிதான் கொண்டு போக வேண்டும். யார் கேட்டாலும் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தாலுகா அலுவலகத்துக்கு எடுத்துப் போய்க் காட்ட வேண்டும். காட்டாதவரின் உரிமம் போகும்.

சங்கம் அதை எதிர்க்கவில்லை. எதிர்த்தால் பத்திரிகையில் வரும். ஒரே ஒரு திருத்தம் மட்டும் எழுதியது: சங்கம் நற்சான்று கொடுக்கும் கண்ணியமான மனிதர்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. முதல் பட்டியலும் தயார். மறுநாள் அந்தத் திருத்தத்தை அவையில் முன்மொழிய வேண்டியவர் கோலப்பன். ஆசான் என்ன சொன்னார் என்று அவையில் பாதிப் பேர் கேட்பார்கள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

ஆசான் வாசலிலேயே நின்றிருந்தார். மீன் கூடையோடு பிரகாசியம்மாள் அப்போதுதான் உள்ளே போய், கூடையை இறக்கி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணாச்சி” என்றார் ஆசான். “புது ஜீப்பா?”

“சங்கத்து ஜீப், ஆசானே. இவர் பத்மதாஸ்.”

பத்மதாஸ் கும்பிட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தார். கட்டையில் வெள்ளிக் கொடி இழைத்த துப்பாக்கி. “உங்களுக்குச் சங்கத்தோட மரியாதை, ஆசான். ஐயா கையால தரணும்னு கொண்டாந்தோம்.”

கோலப்பன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டக் காலை வைத்தார்.

ஆசான் நகரவில்லை.

“ஆசானே?”

“பலகை, அண்ணாச்சி.”

கோலப்பன் சிரித்தார். “இது கடையிலிருந்து நேரா வருது. கொண்டு வர்றது நான்.”

“சரி.”

“நானே சொல்றேன், காலி.”

“சரி” என்றார் ஆசான். அப்போதும் நகரவில்லை.

கோலப்பனுக்குக் காது சூடானது. பத்மதாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் டிரைவரும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருஷம், இரண்டு வெள்ளி, மூன்று தேர்தல். அத்தனையும் அந்தப் பலகையின் கீழ் நின்றன.

“ஆசானே, ஒண்ணு கேட்கிறேன்” என்றார். “அயோக்கியனைச் சோதிக்க வேண்டியதுதான். நல்லவனையும் சோதிச்சா, அது அவனுக்கு அவமானம் இல்லையா?”

ஆசான் திரும்பினார். உள்ளே போனார். இரும்பு அலமாரியைத் திறந்து தன் பழைய துப்பாக்கியை எடுத்தார். தோட்டா அறையைத் திறக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தார். திறந்த துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பிரகாசியம்மாள் முன்னால் வந்து நின்றார்.

“பாரும்மா.”

“எனக்கு நேரமாச்சு, ஆசானே. மீன் வெயில்ல கிடக்கு.”

“பாத்துட்டுப் போ.”

அவள் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள். தோட்டா நிற்கும் இடத்தில் சுண்டு விரலை விட்டுத் தடவினாள். “ஒண்ணுமில்ல. காலி.”

“நன்றி” என்றார் ஆசான். முகம் பெரிய மேடையில் நிற்பவர் முகம் போல இருந்தது.

பத்மதாஸால் பொறுக்க முடியவில்லை. “மீன் விக்கிற அம்மாவுக்குத் துப்பாக்கியைப் பத்தி என்ன தெரியும்?”

“ஓட்டை தெரியும்” என்றாள் பிரகாசியம்மாள். “ஓட்டைக்குள்ள ஏதாவது இருக்கா இல்லியான்னு தெரியும். இதுக்குப் படிப்பு வேற வேணுமா?”

“அதில்லம்மா. பெரிய மனுஷரை இப்படி நிறுத்தி வெக்கிறது அவமானம்.”

“என் கூடையில முப்பது பேர் செவுளைத் தூக்கித் தூக்கிப் பாக்கிறாங்க. நான் என்ன தூக்குல தொங்கிட்டேனா? நல்ல மீனு இருக்கிற அன்னைக்கு நானே தூக்கிக் காட்டுவேன். என்னைக்காவது ரெண்டு நாள் ஐஸ்ல கிடந்தது இருந்தாத்தான் கையைத் தட்டி விடுவேன்.” அவள் கோலப்பனைப் பார்த்தாள். “நீங்க காட்டுங்க, எம்.எல்.ஏ. ஐயா. நான் போவணும்.”

டிரைவர் சிரிப்பை அடக்க இருமினான்.

கோலப்பன் போல்ட்டை இழுத்தார். வேகமாகத்தான் இழுத்தார். துப்பாக்கியின் திறந்த பக்கத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் முன்பு பார்த்தது போலவே பார்த்தாள், விரலை விட்டாள்.

“காலி.”

“பாத்தீங்களா?” என்று கோலப்பன் ஆசானிடம் திரும்பினார். “நான் அப்பவே சொன்னேனே!”

“ஆமா. அப்ப நீங்க மட்டும் சொன்னீங்க. இப்ப ரெண்டு பேர் சொல்றீங்க. உள்ள வாங்க.”

பிரகாசியம்மாள் கூடையைத் தலைக்கு ஏற்றினாள். ஆசானுக்கு வைத்திருந்த நாலு சாளை மீனைச் சுவர் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பத்மதாஸ் பலகையை மறுபடி ஒரு முறை படித்தார். “எத்தனை வருஷமா இது நடக்குது?”

“இருபத்தாறு.”

“எத்தனை தடவை தோட்டா கிடைச்சுது?”

“ஒரு தடவைகூட இல்லை.”

“அப்ப இருபத்தாறு வருஷமா வெறும் ஓட்டையைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. அதுல என்ன கிடைச்சுது?”

“இருபத்தாறு வருஷம் கிடைச்சுது” என்றார் ஆசான்.

மூவரும் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். துப்பாக்கி திறந்தபடி நடுவில் கிடந்தது. கோலப்பன் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். திருத்தத்தைப் படித்துக் காட்டினார். குரல் நன்றாக இருந்தது. அவையில் படிக்கிற குரல்.

“சட்டத்துலயே எழுதப் போறோம், ஆசானே. கண்ணியமான மனிதர்னு. பட்டியல்ல முதல் பேர் என்னோடது. ரெண்டாவது உங்களோடது. எனக்கு முன்னால உங்களைப் போடச் சொன்னேன். இவங்க கேட்கலை.”

“எத்தனை பேர்?”

“இப்போதைக்கு நாற்பத்திரண்டு.”

“கனகராயன் பேர் இருக்கா?”

கோலப்பன் தாளைப் பார்த்தார். முன்பும் பார்த்திருந்தார்தான். முதல் பேரில் நின்றுவிட்ட கண் அதற்குக் கீழே இறங்கவில்லை.

“நாலாவது” என்றார்.

“வழக்குத்தானே நடக்குது” என்றார் பத்மதாஸ். “தீர்ப்பு வரலை. அவர் கண்ணியத்தை யாரும் சந்தேகப்படலை.”

“நானும் சந்தேகப்படலை” என்றார் ஆசான். “நல்ல மனுஷர். காலின்னு நினைச்சுத்தான் தோள்ல வெச்சார்.” பிறகு கோலப்பனிடம் கேட்டார்: “அண்ணாச்சி, அன்னைக்குக் கல்யாணப் படத்துல நீங்க எங்க நின்னீங்க?”

“அவர் பக்கத்துல.”

“நீங்க இருபத்தாறு வருஷமா இங்க திறந்து காட்டுறவர். திறந்து பாத்தவர்.”

கோலப்பன் தாளைப் பெஞ்சில் வைத்தார்.

“அவர்கிட்ட ஏன் கேட்கலை?”

“எப்படிக் கேட்கிறது, ஆசானே? நூறு பேர் நிக்கிற பந்தல். அவ்வளவு பெரிய மனுஷர். அவரைப் போய் திறந்து காட்டுங்கன்னு…”

 அந்த வாக்கியத்தை ஆசான் முடித்துக் கொடுக்கவில்லை. சுவர் ஓரத்தில் காகம் ஒன்று சாளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆசான் எழுந்து போய் அதை விரட்டிவிட்டு, மீனை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது கோலப்பன் பேனாவால் பட்டியலின் முதல் பேரை அடித்துக்கொண்டிருந்தார். அடித்த பேரின் மேலேயே இன்னொரு முறையும் அடித்தார்.

“சார்” என்றார் பத்மதாஸ். “யோசிச்சுச் செய்யுங்க. அடுத்த தேர்தல் தூரத்துல இல்லை.”

“ரெண்டாவது பேரையும் அடிச்சிரட்டுமா, ஆசானே?”

“கேட்கிறதே அவமானம், அண்ணாச்சி” என்றார் ஆசான். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளிக் கொடி போட்ட துப்பாக்கி வந்த பெட்டியிலேயே திரும்பிப் போனது. ஜீப்பும் போனது. கோலப்பன் குவாரித் திருப்பம் வரை நடந்து, பேருந்துக்கு நின்றார். நிமிர்ந்துதான் நின்றார்.

மறுநாள் திருத்தத்தை முன்மொழிய அழைத்தபோது அவர் எழுந்து, “முன்மொழியவில்லை” என்றார். காரணம் கேட்டார்கள். “நான் அந்தப் பந்தலில் நின்றேன். கேட்க வெட்கப்பட்டேன். இன்னொருவன் வெட்கப்படாமல் கேட்பதற்கு ஒரு சட்டம் வேண்டும்” என்றார். உட்கார்ந்துவிட்டார். விலக்கு இல்லாமலே மசோதா முப்பத்தொன்றுக்கு இருபத்தெட்டு என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டளித்த இருபத்தெட்டுப் பேரில் யாரும் மறுநாள் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கவில்லை.

சட்டம் நடைமுறைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் தேர்தல் வந்து போயிருந்தது. சங்கத்து ஜீப் வேறொருவருக்காக ஓடியது. கோலப்பன் தோற்றார்.

தாலுகா அலுவலகத்தில் முதல் சோதனை நாள். கோலப்பன் ஆறு மணிக்கே வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றார். பத்து மணிக்கு வரிசை புளியமரத்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. வக்கீல்கள், தோட்டக்காரர்கள், ஓய்வு பெற்ற ராணுவத்தார். பத்மதாஸும் குடையோடு நின்றார். எல்லோர் தோளிலும் திறந்த துப்பாக்கி.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கோலப்பனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். “ஐயா, நீங்களா? உங்களுக்கெல்லாம் எதுக்கு? கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க.”

“பாரும்மா” என்றார் கோலப்பன். துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினார்.

அவள் தயங்கிக் குனிந்து பார்த்தாள். “காலி, ஐயா.”

“சத்தமாச் சொல்லும்மா.”

“காலி!”

தெரு வரைக்கும் கேட்டது. கோலப்பன் அந்தச் சத்தத்தோடு திரும்பினார். மூன்றாம் முறை ஜெயித்த அன்றுகூட அவர் அப்படித் திரும்பியதில்லை.

அப்போதுதான் பார்த்தார். வெயிலில், பன்னிரண்டாவது ஆளாக, பழைய துப்பாக்கியோடு ஆசான் நின்றிருந்தார்.

“ஆசானே! நீங்க போய் இங்க நிக்கிறீங்களே!” கோலப்பன் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தார். “முன்னால வாங்க. நான் சொல்றேன், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

ஆசான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார்.

“இன்னொரு திருத்தமா, அண்ணாச்சி?”