ஒரே முகவரி, இரண்டு விண்ணப்பங்கள்

சங்கரன்கோவிலில் பரிமளம் என்றொரு பெண் இருந்தார். கணவர் இறந்த பிறகு ஜாக்கெட் தைத்தே மகனை வளர்த்தவர். நாற்பத்தாறாவது வயதில் அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழும் முடித்தார். மகன் மாரிச்செல்வம் மினி பஸ் ஓட்டினான். போன தை மாதம் அவனுக்குக் கல்யாணமாகி, பி.எஸ்சி. வேதியியல் படித்த வெண்ணிலா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள்.

மேலே படிக்க வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் இருந்தது. ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அத்தைக்கு எம்.ஏ. தமிழ். மருமகளுக்கு எம்.எஸ்சி. படித்துப் பள்ளி ஆசிரியை ஆக வேண்டும். உள்ளூர்க் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும், கட்டணத்துக்குத்தான் வழியில்லை. அந்த நேரத்தில், பாளையங்கோட்டையில் இருந்த ஓர் அறக்கட்டளை, பத்துப் பெண்களுக்கு முதுகலைப் படிப்பு முடியும்வரை முழுக் கட்டணமும் கட்டுவதாக நாளிதழில் அறிவித்தது. வெண்ணிலா அந்த அறிவிப்பைக் கத்தரித்து எடுத்துக்கொண்டாள். நாளிதழில் ஓட்டை விழுந்திருப்பதைப் பார்த்த பரிமளம், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி அதே அறிவிப்பைக் கத்தரித்துக்கொண்டார். ஓட்டை எப்படி வந்தது என்று அவர் யோசிக்கவே இல்லை.

நேர்காணல் நாளன்று, ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு பரிமளம் காலையிலேயே கிளம்பினார். சிநேகிதியின் வளைகாப்பு என்று சொல்லிவிட்டு வெண்ணிலா அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். அறக்கட்டளையின் வராந்தாவில் இருவரும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள்.

"அத்தை, லைனிங் துணி இங்கயா விக்காங்க?"

பரிமளம் சளைக்கவில்லை. "ஒன் சிநேகிதிக்கு வளைகாப்பு இங்கதான வச்சிருக்கு?"

இருவரும் சிரித்த சிரிப்பில், உள்ளிருந்து ஒருவர் வந்து சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்துப் பேர் பட்டியலில் இரண்டு பெயரும் வந்தன. முகவரியைச் சரிபார்த்த செயலாளர் அமிர்தவள்ளி, இருவரையும் அழைத்து விதிகளைச் சொன்னார். ஓர் ஆண்டில் ஒரு வீட்டிலிருந்து ஒருவரைத்தான் புதிதாகச் சேர்ப்பார்கள். ஐம்பது வயது நிறைந்தவர் விண்ணப்பிக்க முடியாது. பரிமளத்துக்கு வருகிற ஐப்பசியில் ஐம்பது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, விட்டுக்கொடுக்கிறவங்க ஒரு கடிதம் எழுதிக் குடுங்கம்மா. ரெண்டு பேரும் எழுதிட்டா, ரெண்டு இடமும் வேற ஆளுக்குப் போயிரும். அதனால பேசி முடிவெடுங்க" என்றார்.

வீட்டில் பேசினார்கள். பேச்சு சண்டையானது. "நீ படி" என்று ஒருவர், "நீங்க படிங்க" என்று இன்னொருவர். மூன்று நாள் ஆகியும் யாரும் இறங்கி வரவில்லை.

வியாழக்கிழமை பரிமளம் மகனைத் தனியே அழைத்து, ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். "நான் விட்டுக்கொடுத்துட்டேன்னு எழுதியிருக்கேன். அந்தம்மா கையில குடுத்துரு. நிலாகிட்ட மூச்சு விடக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு." அவன் சத்தியம் செய்தான். கொஞ்ச நேரத்தில் வெண்ணிலா அவனை அடுக்களைக்கு அழைத்தாள். அதே மாதிரி உறை, அதே வேண்டுகோள். அத்தையிடம் சொல்லக் கூடாது என்று அவளும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இரண்டையும் கொடுத்தால் இருவருக்கும் இல்லாமல் போகும். ஒன்றை மறைத்தால் ஒருவருக்குத் துரோகம். வாயைத் திறந்தால் சத்தியம் போச்சு. அன்று மாரிச்செல்வம் இரண்டு நிறுத்தங்களில் பஸ்ஸை நிறுத்தாமலே போய்விட்டான், பயணிகள் திட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு பாளையங்கோட்டைக்குப் போனான். இரண்டு உறைகளையும் அமிர்தவள்ளியின் மேசைமேல் வைத்தான்.

"மேடம், குடுப்பேன்னு சத்தியம் பண்ணேன், குடுத்துட்டேன். வீட்டுல சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணேன், சொல்லல. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ரெண்டு பேருமே சொல்லல" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அமிர்தவள்ளி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனுக்கு டீ வரவழைத்தார். பிறகு இரு பெண்களுக்கும் போன் செய்தார். நாலரை மணிக்கு அவர்கள் வந்து சேர்ந்ததும், கடிதங்களைப் பிரித்து உரக்க வாசித்தார்.

பரிமளம் எழுதியிருந்தார்: 'நான் படித்தால் எனக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். என் மருமகள் படித்தால் வேலைக்குப் போவாள். வீடே நிமிர்ந்துவிடும்.'

வெண்ணிலா எழுதியிருந்தாள்: 'அத்தைக்கு இது கடைசி வருஷம். எனக்கு இருபத்து மூன்று வயதுதான். அடுத்த வருஷம் திரும்பவும் விண்ணப்பிப்பேன். கிடைக்குமா என்று தெரியாது. ஆனால் கேட்கவாவது முடியும்.'

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வெண்ணிலா மட்டும் அத்தையின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. இதுல ஒண்ணை நான் கிழிச்சாகணும். யார் கடிதத்தைக் கிழிக்கிறேனோ, அவங்கதான் படிக்கப் போறாங்க" என்றார் அமிர்தவள்ளி.

வாசகர்களே, அமிர்தவள்ளியின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுத்த இந்த இருவரில் யார் செய்தது சரி? யாருடைய கடிதத்தைக் கிழிப்பீர்கள்?

விடை: அமிர்தவள்ளி கிழித்தது பரிமளத்தின் கடிதத்தை. பரிமளம் விட்டுக்கொடுத்ததுதான் பெரியது. அது அவருக்குத் திரும்பி வரவே வராது. ஆனால் சரியானது வெண்ணிலா செய்தது. இன்னொரு முறை கேட்க முடிந்தவள், இனிமேல் கேட்கவே முடியாதவருக்கு வழிவிட்டாள். ஒரு வருஷம் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தாள். அத்தை கல்லூரிக்குப் போனார். அடுத்த ஆண்டுப் பட்டியலில் வெண்ணிலாவின் பெயர் நான்காவதாக வந்தது. கல்லூரியில் அவள் முதல் நாள் நுழைந்தபோது, வாசலில் இரண்டாமாண்டு மாணவிகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் நின்ற ஐம்பது வயதுக்காரர், "ஏ ஃபர்ஸ்ட் இயர், இங்க வா. சீனியருக்கு ஒரு பாட்டுப் பாடிட்டு உள்ள போ" என்றார். வெண்ணிலா பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பாட்டுப் பாடினாள்.