இரண்டு பூட்டுக் கோயில்

யோபு ரத்தினம் ஐம்பது வயதில் வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டு மெதடிஸ்ட் சபையில் போதகரானவர். பேராயர் தேவவரத்திடம்தான் ஊழியம் பழகினார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் சந்தேகம் வந்தால் ரத்தினம் கேட்பார், பேராயர் பதில் சொல்வார். சில நேரம் சொல்லவும் மாட்டார்.

அந்தப் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று இருவரும் கல்லுப்பாளையத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்க் கோயில் பூட்டிக் கிடந்தது. மணிக்கூண்டை எந்தப் பக்கம் கட்டுவது என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் அடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பூட்டாகப் போட்டுவிட்டார்கள். கிறிஸ்மஸுக்குக்கூடத் திறக்கவில்லை.

“பூட்டை எப்படித் திறக்கப் போகிறீர்கள், ஐயா?” என்று ரத்தினம் கேட்டார்.

“தெரியவில்லை.”

“சட்டப்படி இரண்டையும் உடைக்க உங்களுக்கு உரிமை உண்டு.”

“உடைத்தால்?”

“உள்ளே போகலாம்.”

“யார்?”

கார் ஊருக்குள் திரும்பியது.

கோயில் வாசலில் ஊரே நின்றது. மேலத்தெருக்காரர்கள் ஒரு பக்கம், கீழத்தெருக்காரர்கள் மறு பக்கம். கார் நின்றதும் இரண்டு பக்கமும் மாலையோடு ஓடிவந்தன.

“எங்க மாலையை முதல்ல வாங்குங்க ஐயா!” என்றார் மேலத்தெரு வேதமாணிக்கம். ஒரு சாவி அவர் இடுப்பில் தொங்கியது.

“அவங்க மாலையைத் தொட்டா நாங்க இப்பவே கலைஞ்சு போயிடுவோம்!” என்றார் கீழத்தெரு தங்கசாமி. மற்றொரு சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

பேராயர் எந்த மாலையையும் வாங்கவில்லை. “இன்றைக்கு ஞானஸ்நானம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் கையில் குழந்தையோடு வந்தாள். செங்கல் சூளையில் கல் அறுக்க வந்த சலோமி. எந்தத் தெருவையும் சேராதவள். “கல்யாணமாகி ஒம்பது வருஷம் கழிச்சுப் பிறந்த பிள்ளை ஐயா. கோயில் திறக்கட்டும்னு காத்திருந்தேன்.”

“தண்ணீர் கொண்டுவாருங்கள்” என்றார் பேராயர். அங்கியைப் போட்டுக்கொண்டு பூட்டிய கதவுக்கு முன்னால், தெருவிலேயே நின்றார். குழந்தையை வாங்கிக்கொண்டார். ஆராதனை தொடங்கியது.

முதல் ஜெபம் முடியவில்லை, வானம் இடித்தது. சடசடவென்று பெருந்துளிகள் விழுந்தன. கோடை மழை சொல்லிக்கொண்டா வரும்?

“ஐயா, எங்க வீட்டுக்கு வந்திருங்க!” என்று வேதமாணிக்கம் கத்தினார்.

“எங்க வீடு பக்கத்துல, ஐயா!” என்று தங்கசாமி கத்தினார்.

பேராயர் குழந்தையை அங்கிக்குள் இழுத்து மூடி, மழைக்கு முதுகைக் காட்டி நின்றார். அடுத்த ஜெபத்தைத் தொடங்கினார். ஒரு வரியையும் விடவில்லை.

குழந்தை வீறிட்டது.

“பிள்ளை நனையுது!” என்று ஒரு கிழவி அலறினாள். “பாவிகளா, கதவைத் திறங்கடா!”

“திறங்கடா!” என்றது மேலத்தெரு. “திறங்கடா!” என்றது கீழத்தெரு. அதுவரை பேசாதிருந்த பெண்களெல்லாம் தங்கள் தங்கள் ஆண்களைப் பிடித்துத் தள்ளினார்கள்.

வேதமாணிக்கம் ஓடினார். தங்கசாமியும் ஓடினார். படியில் இருவரும் மோதிக்கொண்டார்கள். தங்கசாமி வழுக்கினார், வேதமாணிக்கம் அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். மேல்பூட்டு திறந்தது. கீழ்ப்பூட்டு துருவேறி மக்கர் செய்தது.

“ஆட்டாதேய்யா, அழுத்தித் திருப்பு!”

“நீ அந்தப் பக்கம் கதவைத் தள்ளு!”

கிறீச்சென்று கதவு திறந்தது. உள்ளிருந்து வௌவால்கள் பறந்தன. ஊர் முழுதும் ஓவென்று கூவிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. யார் மேலத்தெரு, யார் கீழத்தெரு என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. ஒருத்தி தன் முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டினாள். நான்கு பேர் பலிபீடத்தின் தூசியைத் தட்டினார்கள். யாரோ பாட்டை எடுத்துவிட, கூரை அதிர்ந்தது. குழந்தைக்குத் தண்ணீர் தெளித்து, ‘ஆசீர்’ என்று பேரிட்டபோது சலோமி சிரித்துக்கொண்டே அழுதாள்.

மாலையில் கார் திரும்பியது. பேராயர் இரண்டு முறை தும்மினார். ரத்தினம் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“என்ன ஒரு நாள், ஐயா! கர்த்தர் சரியான நேரத்தில் மழையை அனுப்பினார்! மழை மட்டும் வராமல் போயிருந்தால்?”

“வெயில் அடித்திருக்கும்” என்றார் பேராயர். “பச்சைப் பிள்ளைக்கு அதுவும் ஆகாது.”