ஃபைபரா கேபிளா என்று கேட்ட வெள்ளிக்கிழமைகள்

மழைக்கு முன் பனங்காட்டுக்குள் காற்று நுழைவதுபோல் முதலில் ஓர் இரைச்சல் வரும். பிறகு ஒரு சொடக்கு. அதன்பின் கடலுக்கு அப்பாலிருந்து அண்ணன் குரல்: "சௌந்தரமா?"

அது வெளியூருக்கு டிரங்கால் பதிவுசெய்து காத்திருந்து பேசிய காலம். சௌந்தரம் திருநெல்வேலி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலம். நாளெல்லாம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுப்பாள். மாதம் ஒருமுறை மலேசியாவில் ஈப்போவிலிருந்து அவளுக்கென்று ஓர் அழைப்பு வரும்.

இப்போது அண்ணனுக்குப் பேச்சு இல்லை.

மாசியில் வந்த பக்கவாதம் நாக்கை எடுத்துக்கொண்டது. அண்ணி தொலைபேசியைக் காதில் வைத்தால் தட்டிவிடுகிறார். தம் கண்ணைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார்.

"உன்னைப் பார்க்கணும்கிறாங்க, சௌந்தரம்" என்றாள் அண்ணி.

சௌந்தரத்தின் வீடு மலையடிவாரத்தில். கைப்பேசியில் பேச்சு வரும், படம் வராது. மலை மறைத்துவிடும். வீட்டுக்கு இணைய இணைப்பு எடுத்தால்தான் அண்ணன் அவளைப் பார்க்க முடியும்.

ஃபைபரா, கேபிளா?

அவள் இதைக் குருவிடம் கொண்டுபோனாள்.

குருவின் பெயர் வடிவம்மை. சௌந்தரத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மா. அவருடைய சின்ன மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். ஒன்றே ஒன்று. அம்மா பதிலை முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

மற்றவர்கள் மரணத்தைப் பற்றிக் கேட்டார்கள். கோபத்தைப் பற்றிக் கேட்டார்கள். மருமகளைப் பற்றியும் கேட்டார்கள்.

சௌந்தரம் ஃபைபரா கேபிளா என்று கேட்டாள்.

அம்மா சிரித்தார். அன்றைக்கு அதுதான் பதில்.

அடுத்த வெள்ளி அதே கேள்வி. எது சீக்கிரம் கிடைக்கும் என்று அம்மா விசாரித்தார்.

கேபிள்தான் என்று சௌந்தரம் ஒப்புக்கொண்டாள். டிவி வயர் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது. கேபிள்காரர் சுடலைமுத்து வந்து ஒரு பெட்டியை மாட்டினால் முடிந்தது. ஆனால் அதில் வருகிற பாதை அகலம், போகிற பாதை குறுகல். அண்ணன் முகம் இங்கே நன்றாக வரும். அவள் முகம் அங்கே நின்று நின்று போகும். ஃபைபரில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அகலம். ஆனால் ஃபைபர் இன்னும் அவள் தெருவுக்கு வரவில்லை. அடுத்த வாரம் வரும் என்கிறார்கள். போன மாதமும் அடுத்த வாரம் என்றுதான் சொன்னார்கள். பக்கத்துத் தெருவுக்கு வந்ததைக் குரங்கு தொங்கி அறுத்துவிட்டது. ஒட்டுவதற்கு ஆள் வெளியூரிலிருந்து வரவேண்டும்.

"அப்ப கேபிள் போடுங்க, அக்கா."

குறை தெரிந்தே எப்படிப் போடுவது என்றாள் சௌந்தரம்.

"அப்ப காத்திருங்க."

அண்ணன் உடம்பு காத்திருக்குமா என்றாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

இடைப்பட்ட நாட்களில் ஃபைபர் அலுவலகத்துக்கு அவள் தொலைபேசினாள். அவளுடைய அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண்குரல் சொன்னது. சொன்னதையே சொன்னது. தன் காலமெல்லாம் அந்த வேலையைப் பார்த்தவளுக்கு, அந்தக் குரலுக்குப் பின்னால் ஆளே இல்லை என்பது முதல் சொல்லிலேயே தெரிந்தது. பாட்டு வைத்தார்கள். பாட்டு முடிந்ததும் துண்டித்தார்கள். ஒருமுறை நிஜமாகவே ஒரு பையன் எடுத்தான். "சொல்லுங்க சார்" என்றான்.

இப்படியே சித்திரை போயிற்று. வைகாசியும் போயிற்று.

அரிசி ஆலை காந்திமதிநாதனுக்குப் பொறுமை போய்விட்டது. மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"மோட்சத்துக்கு எந்த வயர்ல போறதுன்னும் சேர்த்துக் கேட்டுருங்க, அக்கா. நாங்களும் தெரிஞ்சுக்கிடுதோம்."

"உமக்கு எந்த வயரும் வேண்டாம். நெல்லுமூட்டையோட லாரியில போயிரலாம்" என்றாள் சௌந்தரம்.

ஆனி பிறந்த வாரம் அண்ணி மறுபடி அழைத்தாள். இந்த முறை அதிகம் பேசவில்லை. அவர் கண்ணைத் தொட்டுக் காட்டுவதையும் நிறுத்திவிட்டார் என்று மட்டும் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை சௌந்தரம் விளக்கு ஏற்றும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"நான் அண்ணனைப் பாத்திருவேன், அம்மா. அவர் பாக்கையில என் முகம் பாதியில நின்னு போகும். வாய் திறந்தபடி, கண் சொருகினபடி. கிடக்கிற மனுஷனுக்கு அதையா அனுப்புறது? ஒண்ணு சொல்லுங்க. ஃபைபரா, கேபிளா?"

அம்மா கையிலிருந்த மோர் டம்ளரைச் சற்று உயர்த்தினார்.

"அக்கா, நீங்க..." என்றார்.

அப்படியே நின்றுவிட்டார்.

உதடு பிரிந்தபடி. ஒரு கண் பாதி மூடியபடி. டம்ளர் காற்றில்.

காந்திமதிநாதன் இது சமாதி நிலை என்று எண்ணிக் கைகூப்பினார்.

சௌந்தரத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. கிண்டல். இத்தனை வாரம் தவித்துக் கேட்டதற்கு நடித்துக் காட்டுகிறார். உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போய்விடலாம் என்றால் பதில் இன்னும் முடியவில்லை. எழுந்திருக்கக் கூடாது.

அம்மா அசையவில்லை.

வேறு பார்க்க ஒன்றுமில்லாமல் அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். முதலில் கோபத்தோடு பார்த்தாள். மூக்கோரம் ஒரு மச்சம் இருந்தது. முன்பல் ஒன்று நுனி உடைந்திருந்தது. இத்தனை வருஷமாய் அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். உதடு காய்ந்து வெடித்திருந்தது. இமைகள் தடித்திருந்தன. கண்ணோரம் சிவந்து, லேசாக நீர் கோத்திருந்தது.

விளக்கேற்ற வந்த பெண் தீப்பெட்டியோடு நின்றாள். வெளியே ஒரு பஸ் திரும்பிப் போயிற்று.

"...சாப்பிட்டீங்களான்னு கேக்க வந்தேன்" என்று முடித்தார் அம்மா. டம்ளரைக் கீழே வைத்தார்.

சௌந்தரம் அந்த முகத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டாள்.

"அம்மா, உங்களுக்குக் காய்ச்சலா?"

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யார் சொன்னது?" என்றார் அம்மா.

நின்ற முகம்தான் என்று சொல்லச் சௌந்தரம் வாயெடுத்தாள். 

கும்பிட்டுவிட்டு எழுந்தாள். நேரே கடைத்தெருவுக்கு நடந்தாள். சுடலைமுத்து கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நாளைக்கு வருகிறேன் என்றார். இப்போதே வாருங்கள் என்றாள். ஃபைபருக்காகத்தானே காத்திருந்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, ஏணியை எடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

நின்று நின்று போகும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அண்ணன் ஐப்பசி வரை இருந்தார்.