நூறு வீடு புழங்கிய துணி

ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஆறு வடக்கே திரும்புகிற இடத்தில், மணிமுடியன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். ஆனால் ரோஷக்காரர்.

ஒருநாள் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்தார். சாய்ந்து உட்கார்ந்தவர் திண்டு உறையில் சின்னதாக ஓர் ஒட்டுத் தையல் இருப்பதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருக்கக்கூடாதா? சிரித்துவிட்டார்.

அவ்வளவுதான். விருந்தாளி ஊர் போய்ச் சேர்வதற்குள் மணிமுடியன் தன் மந்திரவாதி வேங்கைச்சடையனைக் கூப்பிட்டார்.

"என் நாட்டில் இனிப் பழசு என்று ஒன்று இருக்கக்கூடாது!"

"யோசித்துத்தான் சொல்கிறீர்களா, மகாராஜா?"

"சத்தியமாகச் சொல்கிறேன்."

ராஜா சத்தியம் செய்து கேட்டதை மறுக்க மந்திரவாதிக்கு அதிகாரம் இல்லை. மந்திரம் போட்டான். மனுஷருக்கும் மாட்டுக்கும் மரத்துக்கும் அது பலிக்காது. கையால் செய்த பொருளுக்கெல்லாம் பலிக்கும். அன்று மாலை ஊரில் விளக்கு வைத்தார்கள். விளக்கு வைத்த நேரத்தில் எல்லாம் புதுசு. பானை புதுசு, பாய் புதுசு, துடைப்பம்கூடப் புத்தம் புதுசு.

முதல்நாள் ஊரே கூத்தாடியது. இரண்டாம்நாள் சமைத்தார்கள்.

தோசைக்கல் புதுசு, தோசை எடுக்க வரவில்லை. சுரண்டித்தான் தின்றார்கள். மண்சட்டி புதுசு, குழம்பில் மண்வாசனை. அம்மி புதுசு, துவையலில் கல். சரி, புழங்கப் புழங்கப் பழகிவிடும் என்று பகலெல்லாம் கல்லுக்கு எண்ணெய் தடவினார்கள், சட்டியில் வடிகஞ்சி ஊற்றி வைத்தார்கள். சாயங்காலம் விளக்கு வைத்த நேரத்தில் எல்லாம் புதுசு. மறுநாள் முதலில் இருந்து சுரண்ட வேண்டும்.

இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். அரியநாச்சியின் பாடுதான் பெரும்பாடு.

அரியநாச்சி ஆற்றங்கரைத் தெருவில் ஆப்பம் சுட்டு விற்பவள். எட்டாம் மாதத்திலேயே அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. தோல் வெங்காயச் சருகு மாதிரி. பச்சைப்பிள்ளைக்கு யாராவது புதுத்துணி போடுவார்களா? துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியில்தான் சுற்றுவார்கள். ஆனால் அந்த நாட்டில் நைந்த வேட்டிக்கு எங்கே போக? எல்லாம் கஞ்சி மொடமொடக்கும் புதுவேட்டி. பட்ட இடமெல்லாம் பிள்ளைக்குச் சிவந்து தோல் உரிந்தது. வாழையிலையில் போட்டார்கள், குளிர் தாங்கவில்லை. அப்பன் சங்கன் மார்மேல் போட்டுக்கொண்டு ராவெல்லாம் உட்கார்ந்திருந்தான். அசந்து இறக்கினால் போச்சு, வீல்!

மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னாள்: "புண் சீழ் வைக்கப் போகுது. மூணு நாளைக்குள்ள நல்ல பழந்துணி கிடைக்கலைன்னா பிள்ளை தேறாது."

நாட்டைவிட்டுப் போய்விடலாம் என்றால் எல்லைக்கு நாலு நாள் நடை. அந்த வெயிலைப் பிள்ளை தாங்காது.

முதல்நாள் அரியநாச்சி ஒரு வேட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். அடித்தாள், அலசினாள், காயப்போட்டாள். அடித்தாள், அலசினாள், காயப்போட்டாள். பொழுது சாயும்போது துணி கொஞ்சம் இளகியிருந்தது. அவள் தோள்பட்டை மொத்தமாக இளகியிருந்தது. ஓடிவந்து பிள்ளையைச் சுற்றப் போனாள். தெருவில் விளக்கு வைத்தார்கள். வேட்டி மொடமொடவென்று விறைத்து நின்றது.

இரண்டாம்நாள் அரண்மனைக்குப் போனாள். ராஜா வெந்நீர்த் தொட்டியில் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினம் தினம் புதுச்செருப்பு கடித்துக் கால் முழுக்கக் கொப்புளம்.

"மகாராஜா, எனக்கு ஒரு பழந்துணி வேணும்."

"ஊரெல்லாம் புதுசு கேட்கும், நீ பழசு கேட்கிறாயா?"

"உங்க காலைக் கேளுங்க, அதுவும் பழசுதான் கேட்கும்."

காவலாளி இருமினான். ராஜா காலைத் தண்ணீருக்குள் இன்னும் ஆழமாக இறக்கினார். "பெண்ணே, சத்தியம் பண்ணிவிட்டேன். கொடுத்த வாக்கை ராஜா எப்படித் திரும்ப வாங்குவது? மந்திரவாதியைப் போய்ப் பார்."

மந்திரவாதியின் வீடு ஊருக்கு வெளியே, கருவேலங்காட்டில். புலித்தோலும் மண்டையோடுமாக இருப்பான் என்று பயந்துகொண்டே போனாள். வேங்கைச்சடையன் தோசைக்கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"என்ன சாமி, உங்களுக்குமா?"

"போட்ட மந்திரம் போட்டவனை மட்டும் விட்டுவிடுமா? உட்கார். இந்தத் தூளைத் தின்கிறாயா?"

"எனக்குத் தோசை வேண்டாம். இதை எப்படி அவுக்கிறதுன்னு சொல்லுங்க."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு விளக்கு நேரத்துக்கும் அடுத்த விளக்கு நேரத்துக்கும் நடுவில் ஒரு புதுத்துணி பழந்துணி ஆகவேண்டும். அதில் ஒரு பச்சைப்பிள்ளை தூங்கவேண்டும். அடுத்த விளக்கு வைக்கும்போது பிள்ளை தூக்கத்தில் இருந்தால் மந்திரம் அறுந்தது. ஆனால் ஒரே தடவைதான். தவறினால் முடிச்சு இறுகிவிடும். அப்புறம் யாராலும் அவிழ்க்க முடியாது."

"கல்லில போட்டு உரசினா?"

"கிழியும். பழசாகாது. புழங்கினால்தான் பழசு."

"இதை நீங்களே செஞ்சிருக்கலாமே சாமி?"

"எனக்கு யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? யார் கதவைத் திறப்பார்கள்?" என்றான் வேங்கைச்சடையன். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான்.

அரியநாச்சி திரும்பி நடந்தாள். நடக்க நடக்கக் கணக்குப் பார்த்தாள். ஒரு வீட்டில் ஒரு துணி பழந்துணியாக ஒரு வருஷம் ஆகும். கையில் இருப்பதோ ஒரு பகல். ஒரு வீடு ஒரு வருஷத்தில் புழங்குவதை, நூறு வீடு ஒரே பகலில் புழங்கினால்?

மூன்றாம்நாள் விடிந்ததும் பிள்ளையைச் சங்கனிடம் கொடுத்துவிட்டு, எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். அடுத்த வீடு பேச்சியாயி வீடு. கோழி விஷயமாக இருவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"அக்கா, இந்தத் துணியைக் கொஞ்சம் புழங்கிக் கொடுங்க."

"உன் துணியை நான் ஏன்டி தொடணும்? என் வீட்டில் துணி இல்லையா?"

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வீல் என்றது. சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது சத்தம்.

பேச்சியாயி காதைப் பொத்தினாள். "உன் மகள் பிறந்ததிலிருந்து நானும் கண்ணை மூடலை. சனியன், கொடு இங்கே!" பிடுங்கினாள். சோற்றுப்பானையின் வாயில் கட்டிக் கஞ்சி வடித்தாள், உதறினாள், அலசினாள். பிறகு என்ன நினைத்தாளோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துணியோடு அவளே எதிர்வீட்டுக்குக் கிளம்பினாள். "நீ கேட்டால் நாலு வீட்டில் யோசிப்பாங்க. நான் கேட்டால் பயந்து தருவாங்க."

துணி தெருவில் இறங்கியது. ஒரு வீட்டில் சும்மாடாகச் சுருட்டித் தண்ணீர்க் குடம் சுமந்தார்கள். ஒரு வீட்டில் மாவு சலித்தார்கள். ஒரு வீட்டில் எண்ணெய்க் குளியல் முடித்த ஏழு பேர் வரிசையாக நின்று தலை துவட்டினார்கள். ஒருத்தி சூடான சட்டியை இறக்கினாள், ஒருத்தி மஞ்சள் இடித்த கையைத் துடைத்தாள். நெசவுக்காரர் வீட்டுக் கிழவர், "நான் என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டு, இடுப்பில் கட்டிக்கொண்டு படுத்துப் புரண்டார். நடுநடுவே அலசல், நடுநடுவே வெயில். அலசி, உலர்த்தி, அடுத்த வீடு. அலசி, உலர்த்தி, அடுத்த வீடு.

பொழுது மேற்கே இறங்கும்போது நூறு வீடு முடிந்தது. அரியநாச்சி துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நடுவெல்லாம் பூ. ஆனால் இரண்டு கரையும் ஈர்க்குச்சி மாதிரி விறைப்பு. யாரும் கரையைப் புழங்கவில்லையே!

"முறுக்கிப் பிழிஞ்சா கரை அடங்கும்," என்றாள் பேச்சியாயி. "ஆனா பெண்டுக கையெல்லாம் ஓய்ந்துபோச்சேடி. நல்ல வலுவான கை வேணும்."

"என் கை சும்மாதான் இருக்கிறது," என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பினால், ராஜா. வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு நின்றார். ஊரே ஒரு வேட்டியைப் புழங்குகிற செய்தி அரண்மனை வரைக்கும் போயிருந்தது.

துணியின் ஒரு முனையை ராஜா பிடித்தார், மறு முனையைப் பேச்சியாயி பிடித்தாள். நனைத்தார்கள், முறுக்கினார்கள்.

"வலப்பக்கம் முறுக்குங்க சாமி! நானும் நீங்களும் ஒரே பக்கம் முறுக்கினால் துணி சும்மா சுத்தும்!"

"இதுவரை பிழிந்ததில்லை."

"அது பார்த்தாலே தெரியுது."

ஒருமுறை பிழிந்தார்கள், கரை முனகியது. இரண்டாம்முறை பிழிந்தார்கள், கரை வளைந்தது. மூன்றாம்முறை ராஜாவின் உள்ளங்கையும் கன்றிப்போனது, கரை அடங்கிவிட்டது. நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்து ஆப்ப அடுப்பின் அனலுக்கு மேலே வீசி வீசிக் காயவைத்தார்கள். சங்கன் உத்தரத்தில் தூளி கட்டினான். அரியநாச்சி பிள்ளையை உள்ளே விட்டாள்.

பிள்ளை முகத்தைச் சுருக்கியது. வாயைத் திறந்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

வாய் பெரிதாகத் திறந்தது, பெரிதாக. கொட்டாவி! அப்படியே கண் செருகித் தூங்கிவிட்டது.

வெளியே விளக்கு வைத்தார்கள்.

அரியநாச்சி தூளியைத் தொட்டாள். பூவாகவே இருந்தது. மூலையில் யார் வீட்டு மஞ்சள் கறையோ, அதுவும் அப்படியே இருந்தது. அந்த ஊரில் அதுதான் முதல் பழசு. மந்திரம் அறுந்துவிட்டது.

அறுந்தது என்றால், தொலைந்த பழசெல்லாம் பறந்து வந்துவிடவில்லை. கல் பழக ஒரு மாதம் ஆயிற்று, சட்டிக்குப் பத்து நாள், ராஜாவின் செருப்புக்கு ஆறு வாரம். வேங்கைச்சடையனைப் பேச்சியாயியே போய்க் கூட்டிவந்து தன் வீட்டில் சாப்பாடு போட்டாள். தோசை இரண்டாகப் பிய்ந்துதான் வந்தது. அவன் எட்டு தின்றான்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்," என்று மந்திரம் அறுந்த அன்றைக்கே ராஜா அரியநாச்சியிடம் கேட்டார். "பொன்னா, நிலமா, வீடா?"

"தூக்கம், மகாராஜா."

அந்த வார்த்தையை முடிப்பதற்குள் அவள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். ராஜா தெருவுக்கு இரண்டு பக்கமும் காவல் போட்டார். மாட்டு வண்டியைக்கூட உள்ளே விடவில்லை. தெருப் பெண்கள் முறைபோட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள், தூளியை ஆட்டினார்கள். பேச்சியாயி மூன்று வேளையும் சத்தம் வராமல் கைச்சாடையிலேயே சண்டை போட்டாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் அரியநாச்சி திடுக்கிட்டு விழித்தாள். அழுகைச் சத்தமே காணோம். வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடித் தூளியை விலக்கிப் பார்த்தாள்.

பிள்ளை விழித்துத்தான் இருந்தது. அழுவதற்கு அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.