கடிபடாத உருண்டை

ஒரு ஊர்ல ஒரு கடை. கடைவீதி முனையில, செருப்புக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவுல. அங்க விக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், பொருள்விளங்கா உருண்டை. பயத்தம்பருப்பும் அரிசியும் வறுத்து அரைச்சு, சுக்கு, ஏலக்காய் போட்டு, வெல்லப் பாகு ஊத்தி, சூடு ஆறுறதுக்குள்ள உருட்டிடணும். ஆறினா கல்லு மாதிரி ஆயிடும் பாரு, அதேதான். "ம்" சொல்லு, அப்பதான் கதை நகரும்.

கடைக்காரர் பேரு மாசிலாமணி. தினம் முதல் உருண்டையை அவர்தான் கடிப்பாரு. வலது கடைவாயில வெச்சு, கண்ணை மூடிக்கிட்டு, ஒரே கடி. ‘மடக்’னு உடைஞ்சாத்தான் கடை திறக்கும். பாகு காய்ச்சுறது அவரோட மச்சினிச்சி வடிவு. புருஷன் போன பிறகு வேற போக்கிடம் இல்லாம, அக்கா தவமணி வீட்டோட வந்து இருந்தவ. பாகுல ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில விட்டு, உருட்டித் தட்டுல போடுவா. ‘டங்’னு கேட்டா அடுப்புல இருந்து இறக்கிடுவா.

அப்புறம் ஒரு நாள் காலையில, மாசிலாமணி உருண்டையை வெச்சுக் கடிச்சாரு. மடக் இல்ல. தாடை பாதியிலயே நின்னு போச்சு. இன்னும் கொஞ்சம் அழுத்துவோம்னு பார்த்தா, ‘சுரீர்’.

வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? சொல்லல. அவர் குணம் அப்படி. தராசு கொஞ்சம் ஆடினாக்கூட எதிர்க்கடைக்காரன் ஊதிவிட்டான்னு நினைக்கிற ஆளு. வடிவு வேணும்னே பாகை முறுக விட்டிருக்கான்னு நினைச்சாரு. நாளையில இருந்து ‘டங்’னு கேக்கிறதுக்கு முன்னாடியே இறக்கணும்னு சொல்லிட்டாரு. அவளும் அப்படியே இறக்கினா. மறுநாள் கடிச்சாரு. தாடை நின்னுது. சுரீர்.

அப்போ இது மாவுல நடக்கிற வேலைன்னு நினைச்சாரு. மில்லுக்காரனும் வடிவும் சேந்துக்கிட்டு கரகரன்னு அரைச்சு வெக்கிறாங்களோ? பருப்பைத் தலையில தூக்கிக்கிட்டு வேற மில்லுக்குப் போனாரு. பக்கத்துலயே நின்னு, முகமெல்லாம் மாவு பூசிக்கிட்டு, விபூதி மாதிரி நைசா அரைச்சு வாங்கிட்டு வந்தாரு. கடிச்சாரு. சுரீர்.

மடக் கேக்கலன்னாலும், வியாபாரம் போயிடுமேன்னு கடையைத் திறந்துதான் வெச்சாரு. அங்க வேற கதை நடந்துது. பாகு பதம் வராம இறக்கினதால, வாங்கின பிள்ளைங்க கையில உருண்டை பொலபொலன்னு உதிர ஆரம்பிச்சுது. ஒரு அம்மா பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, உருண்டை கேட்டா பொடி குடுக்கிறீங்களேன்னு சத்தம் போட்டுட்டுப் போனாங்க. மாசிலாமணிக்கு இன்னும் சந்தேகம். தகர டப்பாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு, வடிவு எதைக் கலக்கிறான்னு பார்த்தாரு. பிசினா இருக்குமோ? கடையை முடக்கிட்டு, தானே ஒரு கடை போடப் பார்க்கிறாளோ?

"என்ன அத்தான் தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. பூனை வந்த மாதிரி இருந்துது."

தூங்கிட்டியா? ம்... சரி, கேளு.

அப்புறம் பசியோட இட்லிக் கடைக்குப் போனாரு. சுடச்சுட இட்லி. பிட்டு வாயில போட்டாரு. சுரீர். இட்லியில கல்லு இருக்குன்னு விரலால பிசைஞ்சு பிசைஞ்சு தேடினாரு. கல்லு இல்ல. வேற யாரா இருந்தாலும் அப்போ புரிஞ்சிருக்கும். அவர் என்ன நினைச்சாரு தெரியுமா? வடிவு இந்த இட்லிக்காரம்மாவையும் கையில போட்டுக்கிட்டான்னு நினைச்சாரு.

நேரா வீட்டுக்கு வந்து, நாளைக்கு உன் தங்கச்சி கிளம்பணும்னு தவமணிகிட்ட சொல்லிட்டாரு. தவமணி அழுதா, கெஞ்சினா. வடிவு அழல. இருந்த துணியை எல்லாம் மூட்டையா இறுக்கிக் கட்டி வாசல்ல வெச்சா. எங்க போறதுன்னு அவளுக்கே தெரியாது. மறுநாள் காலையில, பழையபடி ‘டங்’னு கேக்கிற வரைக்கும் பாகு காய்ச்சி, ஒரு உருண்டை பிடிச்சு, ஆற விட்டு, அவர் முன்னாடி வந்து நின்னா.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன் அத்தான். தினம் வலது பக்கமே கடிக்கிறீங்க, இதை இடது பக்கம் வெச்சுக் கடிங்க."

மோந்து பார்த்தாரு. வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தாரு. கடிச்சாரு.

மடக்.

"ஒரு பக்கம் மட்டும் இளக்கமா உருட்டியிருக்கே"ன்னாரு. மீதியை வலது பக்கம் வெச்சுக் கடிச்சாரு. சுரீர். "பார்த்தியா?"

"துப்பாதீங்க. அதே துண்டை நாக்கால இடது பக்கம் தள்ளிக் கடிங்க."

தள்ளினாரு. மடக்.

அவர் வாய்க்குள்ள யாரும் கை விடல. ஒரே துண்டு, ஒரே நாக்கு. மாசிலாமணிக்குச் சந்தேகப்பட ஆளே கிடைக்கல.

அப்புறம் தவமணி அவரைப் பல் டாக்டரம்மாகிட்ட இழுத்துக்கிட்டுப் போனா. டாக்டரம்மா ஒரு சின்னக் குச்சியைக் குடுத்து, ஒவ்வொரு பல்லா வெச்சுக் கடிக்கச் சொன்னாங்க. இந்தப் பல்லு, ஒண்ணுமில்ல. அடுத்த பல்லு, ஒண்ணுமில்ல. வலது கடைவாய்ப் பல்லு ஒண்ணுல வெச்சுக் கடிச்சு விட்டாரு, சுரீர். விளக்கைப் பிடிச்சுப் பார்த்தா, முடி மாதிரி ஒரு விரிசல்.

என் கடிபலத்தை யாரு எடுத்தான்னு கேட்டாரு. யாரும் எடுக்கலன்னாங்க டாக்டரம்மா. பலம் எல்லாம் தாடையில அப்படியேதான் இருக்காம். பல்லு வேரைச் சுத்தி உணர்ச்சி இருக்காம். கடிக்கிறப்போ வலிச்சா, அழுத்தாதேன்னு அது சொல்லுமாம், தாடை உடனே நிறுத்திக்குமாம். "உங்க தாடை சொன்ன பேச்சு கேக்குது. நீங்கதான் கேக்கல"ன்னாங்க. விரிசல் விட்ட பல்லுக்கு மேல மூடி மாட்டுற வரைக்கும் எதையும் பல்லால கடிச்சு இழுக்கக் கூடாதுன்னும் சொல்லி அனுப்பினாங்க.

திரும்பி வந்தா, வடிவு வாசல்ல மூட்டை பக்கத்துல உட்கார்ந்திருந்தா. மாசிலாமணி மூட்டையைத் தூக்கினாரு.

"எங்க கொண்டு போறீங்க அத்தான்?"

"உள்ள."

இப்போ சந்தேகப்படுறது அவ முறை. ஏற இறங்கப் பார்த்தா. "நாளைக்கு ஏலக்காய் வாசம் கம்மியா இருந்தா மறுபடியும் மூட்டையா?"

அவரு மூட்டையை உள்ள கொண்டு போனாரு. கூடத்துல உட்கார்ந்து முடிச்சை அவுக்கப் பார்த்தாரு. இறுகிப் போன முடிச்சு. வழக்கமா பல்லால கடிச்சு இழுத்துடுவாரு. இப்போ முடியாது. நகத்தால கீறுறாரு, நெம்புறாரு, வேர்த்து ஊத்துது. விடல. நகம் ‘படக்’னு ஒடிஞ்சுது. அப்பவும் விடல.

வடிவு வாசல்ல இருந்து அதைப் பார்த்தா.

அப்புறம் எழுந்து வந்து, பக்கத்துல உட்கார்ந்தா. "குடுங்க அத்தான். நான் போட்ட முடிச்சு, நானே அவுக்கிறேன்."

முடிச்சு அவுந்துது, கதையும் அவுந்துது. பல்லு தேய்ச்சியா? ம்... சரி, கண்ணை மூடு.